தொப்பி ஊசியும் மோட்டார் வண்டியும்

நோயை அறிதல் வேண்டும். அதன் முதற்காரணத்தை அறிதல் வேண்டும். தணிக்கும் வழியையும் தேர்ந்த பின்னரே மருந்திற் கைவைத்தல் வேண்டும். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த இம்முறையைப் பல்லாண்டுகளாக மாணவர்க்கு உரைத்து வருகின்றேன். ஆயினும் அம்முறை என் வீட்டு மோட்டார் வண்டிக்கும் பொருந்தும் என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன்.

என் தந்தையார் விட்டுச்சென்ற பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்று எம்மிடம் உண்டு. அதற்குச் சில மாதங்களாக ஒரு விந்தையான பிணி. நாலைந்து மைல் ஓடியதும் மூச்சுத் திணறி நின்றுவிடும். நின்றபின் எத்தனை முறை முடுக்கினும் அசையாது. ஒரு மணி நேரம் சென்றபின் யாதும் நிகழாததுபோற் புறப்பட்டுவிடும். திருகோணமலையின் உப்புக்காற்றே காரணம் என்றனர் சிலர். பெற்றோலில் நீர் கலந்துள்ளது என்றனர் வேறு சிலர். புதிய பற்றரி வாங்கினேன், பிளக்குகளை மாற்றினேன், காபரேற்றரைக் கழற்றிக் கழுவுவித்தேன். பணம் போயிற்று, பிணி போகவில்லை. வண்டியை இரும்பு விலைக்கு விற்றுவிடவும் துணிந்தேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்று குடும்பத்தோடு திரும்பும்போது, உட்துறைமுக வீதியில் வண்டி நின்றது. குடாவின் அப்பாற் சீனன்குடாவிலோ ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளுமளவு பெரியவை. அத்தகைய ஊரிலே, என் வண்டி துளி பெற்றோலுக்குத் தவித்து நின்றது.

என் இளைய மகள் இறங்கினாள். சாவியைத் திருப்பி வைக்கும்படி எனக்குச் சொல்லிவிட்டுப் பெற்றோல் பம்பியின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்டாள். நெடுநேரத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று முனகியதேயன்றி அது விரைந்து ஒலிக்கவில்லை. பின்னர், தாங்கியில் எவ்வளவு பெற்றோல் உள்ளது என்று பார்ப்பதற்காக மூடியைத் திறந்தாள். சீறும் ஓசையோடு காற்று உள்ளே பாய்ந்தது. அக்கணமே பம்பி படபடவென ஒலித்து, காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் அடங்கிற்று. வண்டி ஒரே முடுக்கிற் புறப்பட்டது.

காரணம் எளியது. தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியேறும் இடத்தை நிரப்பக் காற்று உட்புகுதல் வேண்டும். அதற்கென மூடியில் உள்ள நுண்துளை மண்ணால் அடைபட்டிருந்தது. எனவே ஓடஓடத் தாங்கியினுள் அழுத்தம் குறைந்தது. பம்பி இழுத்தும் பெற்றோல் வரவில்லை. ஒரு மணி நேரத்திற் காற்று மெல்லக் கசிந்து உட்சென்றதும் வண்டி மீண்டும் உயிர் பெற்றது. மகள் தன் தாயின் சேலையிற் குத்தியிருந்த ஊசியை வாங்கி அத்துளையைத் திறந்தாள்.

இம்மகள் மோட்டார்ப் பொறிமுறை கற்க விரும்பித் தொழினுட்பக் கல்லூரிக்கு நிரப்பிய விண்ணப்பம், என் கையொப்பத்துக்காக இரண்டு வாரமாக மேசையிற் கிடந்தது. பெண்பிள்ளைக்கு எண்ணெய் அழுக்கு எதற்கு என்பது என் எண்ணம். அந்த ஊசியைக் கண்டபோதோ வேறோர் ஊசியும், அதை ஏந்திய அம்மையாரும் நினைவில் எழுந்தனர். அவர் வரலாற்றை வாசக அன்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

பேர்த்தா அம்மையார் 1849ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், ஜேர்மனியின் பாடன் பகுதியிலுள்ள போர்ட்ஸ்ஹைம் நகரிற் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலாற் செல்வம் ஈட்டியவர். செல்வக் குடியிற் பிறந்த இம்மங்கை, கையிற் பொருளின்றி நெஞ்சில் எந்திரக் கனவு மட்டுமே உடைய கார்ல் பென்ஸ் என்னும் இளைஞரை மணக்க இசைந்தார். மன்ஹைம் நகரிற் கார்ல் கூட்டாளி ஒருவரோடு தொடங்கிய பட்டறை அந்தக் கூட்டாளியாலேயே நிலைகுலையும் தறுவாயில் இருந்தது. பேர்த்தா தமக்குரிய சீதனத்தைத் திருமணத்துக்கு முன்னரே தந்தையிடமிருந்து பெற்று, அந்தக் கூட்டாளியின் பங்கை வாங்குவதற்குக் கொடுத்தார். நம்மவரிடையே சீதனம் வீடாகவும் நகையாகவும் மாறுதல் வழக்கம். இவர் சீதனமோ ஒரு பட்டறையைக் காத்தது. 1872ஆம் ஆண்டு யூலை 20ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது.

இல்லறம் வறுமையோடு தொடங்கிற்று. கடன் நெருக்கியது, பிள்ளைகள் பிறந்தனர், எந்திரமோ இயங்க மறுத்தது. 1879ஆம் ஆண்டின் கடைசி இரவு. உணவுக்குப்பின், இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று கணவரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றவர் பேர்த்தா. அன்றிரவே அந்த எஞ்சின் முதன்முறையாக ஒழுங்காக ஓடிற்று. பட்டறையின் ஒவ்வொரு தோல்வியையும் உடனிருந்து கண்டவர் அவர். எக்குழாய் எங்குச் செல்கிறது, எக்கம்பி எதனைத் தொடுகிறது என்பன அவர் அறியாதன அல்ல.

1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், முச்சில்லு மோட்டார் வண்டிக்குரிய காப்புரிமையை 37435 என்ற இலக்கத்தோடு கார்ல் கோரினார். உரிமத்திற் பேர்த்தாவின் பெயர் இடம்பெறவில்லை. எனினும் வாங்குவோர் அரியராயினர். குதிரையின்றி ஓடும் வண்டி நெடுந்தூரம் செல்லும் என்று நம்புவார் இலர். கார்லோ மேலும் மேலும் திருத்த விரும்பினாரேயன்றி, அதனை உலகுக்குக் காட்டத் துணிந்தாரல்லர்.

1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் அதிகாலை, கணவர் அறியாவண்ணம், 15 வயது மூத்த மகன் ஒயிகனையும் அவன் தம்பி றிச்சார்டையும் அழைத்துக்கொண்டு, பேர்த்தா அம்மையார் அவ்வண்டியிற் புறப்பட்டார். சேருமிடம் தம் தாய்வீடான போர்ட்ஸ்ஹைம். தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். மோட்டார் வண்டியில் அத்துணைத் தூரம் அதற்குமுன் எவரும் சென்றதில்லை.

அவ்வண்டியில் இன்றைய காபரேற்றர் இல்லை. கிண்ணம் ஒன்றில் நின்ற எரிபொருள் ஆவியாகிக் காற்றோடு கலந்து எஞ்சினுட் சென்றது. அது கொண்டதோ ஏறத்தாழ 4½ லீற்றர் மட்டுமே. வழியில் பெற்றோல் நிலையம் ஏது? வீஸ்லொக் என்னும் ஊரில் மருந்துக்கடைக்குச் சென்று, துணிக்கறை போக்க விற்கப்பட்ட லிக்ரோயின் என்னும் மெல்லிய எண்ணெயை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் எரிபொருள் நிலையம் என்று அக்கடை இன்று போற்றப்படுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோ கொதித்துக் குறைந்துகொண்டே இருந்தமையால், வழிநெடுக நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

ஓரிடத்தில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி எஞ்சின் ஓடாது. எது வரவில்லை என்று கண்டவர்க்கே எதைத் திறப்பது என்பது விளங்கும். அம்மையார் தம் தொப்பியிற் செருகியிருந்த நீண்ட ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். பிறிதோரிடத்தில் மின்கம்பியின் மேலுறை தேய்ந்து தீப்பொறி கெட்டது. காலுறையைப் பிணிக்கும் பட்டியைக் கழற்றிக் கம்பிக்கு உறையாக்கினார். சங்கிலியைக் கொல்லர் ஒருவர் செப்பனிட்டார். இறக்கங்களிற் பிறேக்குக் கட்டைகள் தேய்ந்தபோது, செம்மான் ஒருவரைக்கொண்டு அவற்றுக்குத் தோல் அறைவித்தார். மேடுகளில் வண்டி ஏறாது நின்றபோது இறங்கித் தள்ளினர். மாலை மங்கும் வேளையில் போர்ட்ஸ்ஹைமை அடைந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாளின் பின் அவ்வண்டியிலேயே மன்ஹைமுக்குத் திரும்பினார்.

அப்பயணம் வெறும் துணிகரச் செயலன்று. வண்டிக்கு நிகழ்ந்த முதற் பெருஞ்சோதனை அதுவே. பிறேக்குக்குத் தோலுறை வேண்டும், மேடு ஏற மேலும் ஒரு கியர் வேண்டும் என்பவை அதன் பயனாய்த் தெரிந்தன. அவ்வாண்டிலேயே மியூனிக் கண்காட்சியிற் பென்ஸ் வண்டி தங்கப்பதக்கம் பெற்றது. 1899ஆம் ஆண்டில் மட்டும் பென்ஸ் நிறுவனம் 572 வண்டிகளை ஆக்கியது. கார்ல் 1929ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் மறைந்தார். பேர்த்தா அம்மையாருக்கு 95 வயது நிறைந்த 1944 மே 3ஆம் நாள், கால்ஸ்றூஹே தொழினுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பதவி வழங்கிச் சிறப்பித்தது. இரண்டு நாள் கழித்து லாடன்பேர்க் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் சென்ற வழி 2008ஆம் ஆண்டு முதல் அவர் பெயராலேயே ஒரு நினைவுப் பாதையாக விளங்குகிறது.

அக்கால ஐரோப்பியப் பெண்களுட் பலர் தொப்பியில் ஊசி செருகியிருந்தனர். ஆனால் அவ்வூசி புகவேண்டிய இடத்தை அறிந்திருந்தவர் பேர்த்தா அம்மையார். அவ்வறிவு பட்டறை வாயிலில் அவரை எவரும் தடுக்காமையால் வந்தது. என் வீட்டிலோ தடுத்து நின்றவன் நானே. வண்டியின் பிணிக்கு வேறு பிளக்கும் பற்றரியும் தேடிய நான், என் மகளின் விருப்பத்துக்கும் அவ்வாறே காரணம் அறியாது மருந்து தேடினேன். அறியாப் பருவத்து ஆசை என்றேன். நாளடைவில் தணியும் என்றேன்.

அன்றிரவு மேசையிற் கிடந்த விண்ணப்பத்தில் ஒப்பமிட்டேன். ஊசியை அவள் தாய்க்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூடித்துளை மீண்டும் அடைபடுமாயின் உதவும் என்று, அது இப்போது வண்டியினுள்ளே ஒரு சிறு டப்பியில் இருக்கின்றது.