அல்பிரட் பினே (1857 – 1911)

மாணவர்களே, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக நீங்கள் செய்து பழகிய நுண்மதி வினாக்கள் நினைவிருக்கின்றனவா? விடுபட்ட எண், பொருந்தாத உரு, அடுத்து வரும் வடிவம்! இத்தகைய சோதனைகளின் தொடக்கத்தைத் தேடினால் பிரான்ஸ் நாட்டு உளவியலாளர் அல்பிரட் பினேயிடம் சென்று சேர்வீர்கள்.

இவர் நீஸ் நகரில் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சட்டம் பயின்றார், மருத்துவத்தைத் தொடங்கி இடையில் விட்டார். உளவியலையோ நூலகத்தில் இருந்து தாமாகவே கற்றார். தம் இரு புதல்வியரை உற்றுநோக்கியபோது, சிந்திக்கும் விதம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுவதைக் கண்டார்.

தலை பெரிதானால் அறிவும் பெரிது என அக்காலத்தில் பலர் நம்பினர். பினேயும் பாடசாலைப் பிள்ளைகளின் தலைகளை அளந்து பார்த்தார். கெட்டிக்காரருக்கும் பின்தங்கியவருக்கும் இடையே கிடைத்த வேறுபாடு மிக அற்பமானது. அவ்வழியைக் கைவிட்டார்.

பிரான்சில் 1882இல் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை எவ்வாறு இனங்காண்பது? ஆசிரியர் 'மக்கு' என்றால் போதுமா? இதனை ஆராய அரசு 1904இல் அமைத்த குழுவில் பினேயும் இருந்தார். 1905இல் வைத்தியர் சிமோனுடன் சேர்ந்து 30 உருப்படிகள் கொண்ட அளவுத்திட்டத்தை வெளியிட்டார். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லல், இரு கோடுகளை ஒப்பிடல் என்பன அதில் அடங்கின. 1908இல் வினாக்களை வயதுவாரியாக வகுத்து 'உள வயது' என்ற கருத்தைத் தந்தார். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறிவதே அவரது நோக்கம். நுண்மதி பயிற்சியால் வளரும் என்றும் கருதி, கவனத்தை வளர்க்கும் பயிற்சிகளையும் அமைத்தார்.

பினே 1911இல் காலமானார். அதன்பின் நடந்தது வேறு. அமெரிக்காவில் கொடார்ட் என்பவர், கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளை இச்சோதனையால் அளந்து, பலரை மந்தமதியினர் என முத்திரை குத்தினார். அந்நாட்டு மொழியும் வாழ்க்கையும் அறியாதவர்கள் அவர்கள்! 1990 முதல் 2015 வரை தெல்லிப்பழையூடாகப் புகையிரதம் ஓடவில்லை. அக்காலத்தில் இங்கு வளர்ந்த பிள்ளையிடம் புகையிரதப் படத்தைக் காட்டி வினா எழுப்பினால், அளக்கப்படுவது நுண்மதியா?

பரீட்சையில் ஒன்றைக் கவனியுங்கள். நுண்மதி ஈவைப் பினே கண்டுபிடித்தார் எனப் பலர் எழுதுகின்றனர், அது பிழை. உள வயதைக் கால வயதால் வகுக்கும் முறையை 1912இல் ஸ்டேர்ன் முன்வைத்தார். அதனை 100ஆல் பெருக்கும் வழக்கத்தை 1916இல் டெர்மன் பரப்பினார். 10 வயதுப் பிள்ளையின் உள வயது 12 எனின் ஈவு 120 ஆகும். இன்று இவ்வாறு வகுப்பதில்லை. சமவயதினரின் சராசரியை 100 எனக் கொண்டு ஒப்பிடுகின்றனர்.