பி.எச். தந்த சோரன்சன்

எங்கள் கரிசல் காட்டு மண்ணைப் பரிசோதித்த அட்டையில் பி.எச். 8.5 என்று இருந்தது. 7.5 வரை இருக்கலாமாம். ஒண்ணுதானே கூடன்னு அப்பா அட்டையை உத்தரத்துல சொருகிட்டாங்க.

அந்த அளவைத் தந்தவர் சோரன்சன். 1868-ல் டென்மார்க்கில் பிறந்தார். நம்மை மாதிரியே விவசாயி வீட்டுப் பிள்ளை. மருத்துவம் படிக்கப் போய் வேதியியலுக்கு மாறினார். 1901-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் வேதியியல் பிரிவுத் தலைவரானார். அதே வருஷம்தான் நம்ம கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் ஆரம்பிச்சது!

நொதிகளைப் பற்றி அவர் ஆராய்ந்தார். சுத்தமான தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி அளவை 0.0000001 என்று சுழி சுழியாக எழுத வேண்டும். அந்த 1 ஏழாவது இடத்தில் வருவதால் வெறும் 7 என்றே எழுதலாம் என்று 1909-ல் வழி சொன்னார். 7 நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினால் காரம். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். மனைவி மார்கரெத்தும் அவரோடு ஆராய்ச்சியில் உழைத்தார். சோரன்சன் 1939-ல் மறைந்தார்.

அப்போ எங்க காட்டுல கூட இருந்தது ஒண்ணு இல்ல, பத்து மடங்கு! காரம் கூடினால் மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் பயிருக்குச் சரியாகக் கிடைக்காது. அப்பாகிட்ட சொன்னேன். உத்தரத்துல இருந்த அட்டையை எடுத்துக்கிட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்பிட்டாங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி