லியோனார்ட் ரோஜர்ஸ்

சர் லியோனார்ட் ரோஜர்ஸ் (சனவரி 18, 1868 – செப்டம்பர் 16, 1962) இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவரும் வெப்பமண்டல நோய் ஆய்வாளரும் ஆவார். வாந்திபேதி (காலரா) கண்டோருக்குச் சிரைவழியே உப்புநீரும் சோடியம் பைகார்பனேட்டும் ஏற்றும் சிகிச்சையை நடைமுறைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்த இவர், 1893-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். பின்னர் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல் பேராசிரியராக விளங்கினார்.

வாந்திபேதி சிகிச்சை

அக்காலத்தில் வாந்திபேதி பெருங்கொள்ளை நோயாக இருந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, திண்டுக்கல்லை உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டம் உட்படச் சென்னை மாகாணமெங்கும் பலரை அது பலிகொண்டது.

சிரைவழி உப்புநீர் ரோஜர்ஸின் கண்டுபிடிப்பு எனக் கருதுவது பிழையாகும். 1832-இலேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா இதனைச் செய்தார். நோயாளியின் குருதி நீரையும் உப்பையும் மட்டுமின்றிக் காரத்தையும் இழக்கிறது என அதற்குச் சற்று முன்னரே காட்டியவர் வில்லியம் ஓஷாக்னசி. இவர் பின்னர் கொல்கத்தா வந்து இந்தியாவில் தந்தி நிறுவினார். வாந்திபேதி ஆய்வைத் தொடரவில்லை. அம்முறை வழக்கொழிந்தது.

சாதாரண உப்புநீரின் பயன் நெடுநேரம் நில்லாததைக் கண்ட ரோஜர்ஸ், ஏறத்தாழ 1.4 விழுக்காடு உப்புள்ள அடர் கரைசலைப் பயன்படுத்தினார். எவ்வளவு ஏற்றுவது என்பதை அறிய எளிய வழியொன்றைக் கையாண்டார்: வெவ்வேறு அடர்த்தியுள்ள கிளிசரின் நீரில் நோயாளியின் குருதித் துளியை விட்டு, அது மிதக்கிறதா அமிழ்கிறதா எனப் பார்த்தார். ஏறத்தாழ 60 விழுக்காடாக இருந்த இறப்பு பாதியளவாகக் குறைந்தது.

எனினும் நாடி மீண்ட சிலர், சிறுநீர் பிரியாமல் ஓரிரு நாள்களில் இறந்தனர். பேதியில் பைகார்பனேட்டு வெளியேறுவதாலும் சிறுநீரகம் செயலிழப்பதாலும் குருதியில் அமிலம் மிகுவதே இதற்கு முக்கியக் காரணம். காரம் இதனைத் தடுக்கும் என 1910-இல் மணிலாவில் ஆண்ட்ரூ செல்லார்ட்ஸ் கண்டார். ரோஜர்ஸ் அதனை ஏற்று, ஆப்பச்சோடா என நாம் வழங்கும் சோடியம் பைகார்பனேட்டைக் கரைசலில் சேர்த்தார். இறப்பு மேலும் குறைந்தது. கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டு கார்பனேட்டாக மாறிவிடும் என்பதால் அதனைத் தனியே கையாள வேண்டியிருந்தது. இன்று கடும் வாந்திபேதிக்குப் பரிந்துரைக்கப்படும் ரிங்கர் லாக்டேட் கரைசலில், உடலுக்குள் பைகார்பனேட்டாக மாறும் லாக்டேட் அவ்விடத்தை வகிக்கிறது.

பிற பணிகள்

சீதபேதிக்கு எமெட்டின் ஊசியையும், தொழுநோய்க்கு நீரடிமுத்து இன எண்ணெயிலிருந்து பெற்ற உப்பையும் பயன்படுத்தினார். கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இவரது முயற்சியால் உருவானது. அதன் அடிக்கல் 1914-இல் நாட்டப்பட்டது. 1916-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920-இல் இந்தியாவை விட்டுச் சென்றபின் தொழுநோய் ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். தமது 94-ஆம் அகவையில் காலமானார்.