மணலில் புதைந்த பாப்ஸ்

1920களில், நிலத்தில் மிக வேகமாகச் செல்பவர் யார் என்ற போட்டி பிரிட்டனில் கடுமையாக நடந்தது. மால்கம் கேம்பல், ஹென்றி சீகிரேவ் ஆகிய இருவரின் பெயர்களும் அன்று பலருக்கும் தெரிந்திருந்தன. அவர்களுக்கு ஈடுகொடுத்த மூன்றாமவர் ஒருவரும் இருந்தார். அவர் ஒரு பொறியியலாளர். தமது மகிழுந்தைத் தாமே திருத்தியமைத்துத் தாமே ஓட்டியவர். அவர் பெயர் ஜான் காட்ஃபிரே பேரி தாமஸ்.

தாமஸ் 1884ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு பாதிரியார். லண்டனில் பொறியியல் பயின்ற தாமஸ், பின்னர் லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக உயர்ந்தார். சென்னையில் தயாராகும் அசோக் லேலண்ட் பேருந்துகளின் பெயரில் இன்றும் நிலைத்திருப்பது அந்த லேலண்ட்தான். அங்கு அவர் எட்டு உருளைகள் கொண்ட ஓர் ஆடம்பர மகிழுந்தை வடிவமைத்தார். 1920ஆம் ஆண்டில் லண்டன் கண்காட்சியில் அதைக் கண்டோர் வியந்தனர். ஆனால், அதன் விலையைக் கேட்டுப் பின்வாங்கினர். விற்பனை மிகக் குறைவாக இருந்ததால் நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது.

தாமஸ் அவ்வேலையிலிருந்து விலகினார். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தின் உள்ளேயே ஒரு சிறு வீட்டில் குடியேறினார். பகலில் பட்டறை, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் தடம் என்று அவருடைய நாள்கள் கழிந்தன. பின்னலாடை அணிந்து மகிழுந்து ஓட்டும் அவரை அங்கு எல்லாருக்கும் தெரியும். பந்தயங்களில் பல வெற்றிகள் பெற்றார். எனினும், நிலவேக உலகச் சாதனையே அவருடைய குறிக்கோளாக இருந்தது.

அதற்கென ஒரு புதிய மகிழுந்தைக் கட்ட அவரிடம் போதிய பணம் இல்லை. அந்நேரத்தில் ஒரு பழைய மகிழுந்து விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியவர் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்னும் செல்வந்தர். சிட்டி சிட்டி பேங் பேங் என்ற சிறுவர் கதையின் தலைப்புக்கு வித்திட்ட மகிழுந்துகளும் அவருடையவையே. ஸ்போரோவ்ஸ்கி 1924இல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் உயிரிழந்தார். அவர் விட்டுச் சென்ற அந்த மகிழுந்தைத் தாமஸ் 125 பவுனுக்கு வாங்கினார். அதற்குப் பாப்ஸ் என்று செல்லப்பெயரும் சூட்டினார்.

பாப்ஸின் உள்ளே இருந்தது ஒரு விமான இயந்திரம். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான லிபர்ட்டி வகையைச் சேர்ந்தது அது. பன்னிரண்டு உருளைகள், 27 லிட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 450 குதிரைத்திறன். இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய மகிழுந்துகள் பலவற்றின் முழு இயந்திரமே 1.5 லிட்டர்தான். பாப்ஸின் ஓர் உருளை மட்டுமே இரண்டு லிட்டருக்கும் அதிகம்!

ஆற்றல் இருந்தால் மட்டும் வேகம் வந்துவிடாது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே, தாமஸ் இரு வழிகளில் வேலை செய்தார். முதலில் இயந்திரத்தைப் பிரித்தார். தாமே வடிவமைத்த பிஸ்டன்களைப் பொருத்தினார். எரிபொருளையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர்கள் நான்கினை இணைத்தார். அடுத்து, மகிழுந்தின் மேலுடலை மாற்றி, காற்று தடையின்றி வழுக்கிச் செல்லும்படி பின்புறத்தை நீளமாக்கினார். இயந்திர மூடி உயரமாக இருந்ததால், ஓட்டும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்தே முன்னால் பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பொறுத்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் அவர் மாற்றவில்லை. இயந்திரத்தின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு சென்றவை, மிதிவண்டியில் உள்ளதைப் போன்ற, ஆனால் மிகப் பெரிய இரண்டு சங்கிலிகள். அது அப்போதே பழமையாகிப்போன முறை. அதை மாற்றுவதென்றால் ஏறக்குறைய ஒரு புதிய மகிழுந்தையே கட்ட வேண்டும்.

புரூக்லண்ட்ஸ் வட்டத் தடம் இத்தகைய வேகத்துக்குப் போதாது. எனவே, வேல்ஸின் தென்கரையில் உள்ள பெண்டைன் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார். அங்கு மணல் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்துக்குச் சமமாகப் பரந்து கிடக்கிறது. ஆனால், கடல் வற்றும் சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மழை பெய்தால் மணலில் நீர் தேங்கும். மேலும், ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் சாதனை ஆகாது. காற்றின் உதவி கணக்கில் சேராதிருக்க, இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி காண்பார்கள்.

1926 ஏப்ரல் 27ஆம் நாள் பாப்ஸ் மணிக்கு 272 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. சீகிரேவ் அதற்கு முந்தைய மாதம் படைத்த சாதனை 245 கிலோமீட்டர் மட்டுமே. தாமஸுக்கு இதுவும் நிறைவு தரவில்லை. மறுநாள் மீண்டும் ஓட்டினார். வேகம் 275 கிலோமீட்டராக உயர்ந்தது. 125 பவுனுக்கு வாங்கிய பழைய மகிழுந்து உலகிலேயே வேகமான மகிழுந்தானது.

1927 பிப்ரவரி 4ஆம் நாள், அதே கடற்கரையில் கேம்பல் 281 கிலோமீட்டர் வேகத்தை எட்டி அச்சாதனையை முறியடித்தார். அவருடைய நீலப்பறவை, சாதனைக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டது. சீகிரேவும் இரண்டு விமான இயந்திரங்கள் பூட்டிய மகிழுந்துடன் அமெரிக்காவுக்குப் புறப்படவிருந்தார். அது ஓடிவிட்டால் பாப்ஸால் எட்ட முடியாத உயரத்துக்குச் சாதனை போய்விடும். தாமஸுக்கு எஞ்சியிருந்தவை சில வாரங்களே.

மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் பெண்டைனுக்குத் திரும்பினார். அப்போது அவருக்குச் சளிக்காய்ச்சல், வானிலையும் சரியில்லை. ஓய்வெடுத்திருக்கலாம், ஆனால் காத்திருக்க நாள்கள் இல்லை. மார்ச் 3ஆம் நாள் பாப்ஸைச் செலுத்தினார். வேகம் கூடிய ஓர் ஓட்டத்தின்போது மகிழுந்து கட்டுப்பாட்டை இழந்து மணலில் புரண்டது. தாமஸ் அங்கேயே உயிரிழந்தார். அவருக்கு வயது 42. நிலவேகச் சாதனை முயற்சியில் மாண்ட முதல் ஓட்டுநர் அவரே.

அவருடைய உடல் புரூக்லண்ட்ஸுக்கு அருகிலுள்ள பைஃபிளீட் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. விசாரணை முடிந்ததும் பாப்ஸைப் பெண்டைன் மணல்மேட்டில் குழிதோண்டிப் புதைத்தனர். அதே மாதம் 29ஆம் நாள், சீகிரேவ் அமெரிக்காவில் மணிக்கு 327 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டினார்.

பாப்ஸ் 42 ஆண்டுகள் மணலுக்குள் கிடந்தது. 1969இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் விரிவுரையாளர் அனுமதி பெற்று அதைத் தோண்டியெடுத்தார். உப்புக்காற்றும் ஈரமும் அரித்த உலோகக் குவியலாக அது வெளியே வந்தது. சங்கிலி அறுந்து தாக்கியதால்தான் தாமஸ் இறந்தார் என்று அதுவரை பலரும் நம்பினர். சிதைவுகளை ஆராய்ந்தபின், பின்சக்கரம் ஒன்று முதலில் உடைந்திருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. ஓவன் பல ஆண்டுகள் உழைத்துப் பாப்ஸைச் செப்பனிட்டார். இயந்திரம் மீண்டும் உயிர்பெற்றது. பின்னர்ப் பெண்டைனில் உள்ள அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் பின்சக்கரங்களை இயக்குபவை இன்றும் சங்கிலிகளே.