தாதர் லோக்கலுக்குள் ஒரு தயக்கம்: மின்பொறியியலுக்குப் பேச்சு தந்த ஹெவிசைட் யார்?

திருநெல்வேலியில் இருந்து சாளுக்யா எக்ஸ்பிரஸில் வந்து தாதரில் இறங்கி, பெட்டியோடு லோக்கல் பிடிக்க ஓடியிருக்கிறீர்களா? அந்த லோக்கலை இழுக்கும் மோட்டார்களுக்குள்ளும் ஒரு தயக்கம் இருக்கிறது. அதன் பெயர் ரிலக்டன்ஸ். 1888இல் அந்தப் பெயரை வைத்தவர் ஆலிவர் ஹெவிசைட். 16 வயதில் பள்ளியை விட்டவர், காலேஜ் பக்கமே போகாதவர்.

ரிலக்டன்ஸ் என்றால் என்ன?

கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு ரெசிஸ்டன்ஸ் எப்படியோ, காந்தப் பாயத்துக்கு ரிலக்டன்ஸ் அப்படி. தமிழில் காந்தத் தடை எனலாம். பாதை நீண்டால் இது கூடும், அகன்றால் குறையும். இரும்பில் குறைவு, காற்றில் ரொம்ப அதிகம்.

இரும்பு, காற்றைவிட 2,000 மடங்கு எளிதாகக் காந்தத்துக்கு வழிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வெறும் 1 மில்லிமீட்டர் காற்று இடைவெளி, அதே குறுக்களவுள்ள 2 மீட்டர் இரும்புக்குச் சமம்! மோட்டாரில் சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பொறியாளர்கள் அவ்வளவு கவனமாகக் கணக்கிடுவது இதனால்தான்.

ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. ரெசிஸ்டன்ஸ் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். ரிலக்டன்ஸ் அப்படிச் செய்யாது, அந்த இடைவெளியில் ஆற்றல் சேமிப்பாக நிற்கும்.

வேலையை விட்டவர் என்ன செய்தார்?

1850 மே 18 அன்று லண்டனில் பிறந்தார் ஹெவிசைட். சின்ன வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் காதைப் பாதித்தது. தந்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1874இல், 24 வயதில் அதையும் விட்டுவிட்டார். அதன் பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை.

பெற்றோர் வீட்டு அறையில் உட்கார்ந்து, மாக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூலைத் தானே படித்துத் தேறினார். 20 சமன்பாடுகளாக இருந்ததை நான்காகச் சுருக்கினார். நீங்கள் இன்ஜினியரிங் படித்தவர் என்றால், மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று மனப்பாடம் செய்தது ஹெவிசைட் தந்த வடிவத்தைத்தான். இண்டக்டன்ஸ், இம்பீடன்ஸ், பெர்மியபிலிட்டி என்ற சொற்களும் அவர் கொடுத்தவையே.

பலன் யாருக்குப் போனது?

நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் குரல் சிதைந்து போவது அன்றைய பெரிய தலைவலி. கம்பியில் இண்டக்டன்ஸைக் கூட்டினால் குரல் தெளிவாகும் என்று 1887இல் ஹெவிசைட் கணக்குப் போட்டுக் காட்டினார். பிரிட்டிஷ் தபால் துறையின் மின் நிபுணர் வில்லியம் பிரீஸோ, இண்டக்டன்ஸ்தான் வில்லன் என்று நம்பியவர். தபால் துறைப் பொறியாளரான அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவராமல் தடுக்கப்பட்டது.

மீட்டிங்கில் உங்கள் ஐடியா ஓரங்கட்டப்பட்டால் எப்படி இருக்கும்? இவருக்கு நடந்தது அதைவிட மோசம். சில ஆண்டுகள் கழித்து, அதே தத்துவத்தில் அமைந்த லோடிங் காயிலுக்கு அமெரிக்காவில் மைக்கேல் பூபின் பேட்டன்ட் வாங்கினார். ஏடி அண்ட் டி நிறுவனம் அவருக்குப் பெருந்தொகை கொடுத்தது. பேட்டன்ட் எடுக்காத ஹெவிசைட்டுக்குக் காசு எதுவும் வரவில்லை.

மரியாதை வராமல் இல்லை. 1891இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார், 1922இல் முதல் ஃபாரடே பதக்கம் அவருக்குத்தான். ஆனால் வறுமையும் தனிமையும் கடைசிவரை விலகவில்லை.

1925 பிப்ரவரி 3: ஒரே நாளில் இரண்டு சம்பவங்கள்

இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் அன்று ஹெவிசைட் இறந்தார். அதே நாளில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸில் இருந்து குர்லாவுக்கு, 1,500 வோல்ட் மின்சாரத்தில், இந்தியாவின் முதல் மின்சார ரயில் புறப்பட்டது. 1928 ஜனவரியில் கொலாபா - போரிவலி பாதையும் மின்மயமாகி, தாதர் வழியாக மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின.

இரண்டும் ஒரே தேதியில் நடந்தது தற்செயல்தான். ஆனால் அன்று ஓடிய மோட்டாரை வடிவமைத்தவர்களும் சரி, இன்று மின்சார கார் மோட்டாரை வடிவமைப்பவர்களும் சரி, கணக்குப் போடுவது அவர் தந்த சொற்களில்தான்.