கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - 1961) புகழ்பெற்ற இந்திய இயற்பியலாளர் ஆவார். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார்.

ஆய்வு நாட்டமுடைய இந்திய மாணவர்கள் பலர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் இடம் தேடிய காலம் அது. கணித மேதை இராமானுசன் 1914 இல் கேம்பிரிட்ச்சு சென்றிருந்தார். கிருஷ்ணனோ 1920 இல் கல்கத்தாவுக்குச் சென்றார். 1923 முதல் சி. வி. இராமனுடன் ஆய்வு செய்தார். 1928 இல் இராமன் விளைவைக் கண்டறிந்த சோதனைகளில் இவரது பங்கு பெரிது. எனினும் 1930 ஆம் ஆண்டு நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

டி.எஸ்சி. பட்டத்தையும் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பெற்றார். அயல்நாட்டில் மாணவராகச் சேராத இவரை, படிகங்களின் காந்தப் பண்புகள் குறித்த ஆய்வுகளை அறிந்த ரதர்போர்டு கேம்பிரிட்ச்சுக்கு அழைத்தார். 1940 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.