தீர்ப்பு எழுதப்படாத மரணம்

சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி அகஸ்டோ பினோசெட், 2006 டிசம்பர் 10 அன்று, தலைநகர் சாண்டியாகோவின் ராணுவ மருத்துவமனையில் தமது 91-ஆவது வயதில் இறந்தார். அன்று மனித உரிமைகள் தினம். செய்தி பரவியதும் நகரின் மையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடிப்பாடினர். மருத்துவமனை வாசலில் அவரது படத்தை ஏந்தி அழுதவர்களும் ஏராளம். ஒரே மரணம், ஒரே நகரம், இரு வேறு கூட்டங்கள். இதற்கான விடை அவரது வாழ்க்கையிலேயே இருக்கிறது.

வால்பரைசோ துறைமுக நகரில் 1915-இல் பிறந்த அவரை, 1973 ஆகஸ்டில் தரைப்படைத் தளபதியாக்கியவர், மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சல்வடோர் அலெண்டே. மூன்று வாரங்களுக்குள், செப்டம்பர் 11 அன்று, அதிபர் மாளிகை மீதே குண்டுகள் விழுந்தன. அலெண்டே அங்கேயே மடிந்தார். அதன்பின் 1990 வரை நீடித்த ராணுவ ஆட்சியில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அவரது ஆதரவாளர்கள் முன்வைக்கும் வளர்ச்சி வாதத்தை நான் நன்கறிவேன். சிகாகோவில் பயின்ற வல்லுநர்கள் சந்தையைத் திறந்துவிட்டனர், ஓய்வூதியத்தைத் தனியார்மயமாக்கினர். ஆனால், 1982-இல் நாட்டின் உற்பத்தி 10 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்து, வங்கிகளை அரசே மீட்க நேர்ந்தது. அலெண்டே நாட்டுடைமையாக்கிய பெரும் தாமிரச் சுரங்கங்களை பினோசெட்டும் அரசிடமே வைத்துக்கொண்டார். வளர்ச்சியை முழுமையாக ஒப்புக்கொண்டாலும், உயிர்களை அதற்கு ஈடாக வரவு வைக்கும் கணக்கேடு எதுவும் பொருளியலில் இல்லை.

1988 பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் அவரை நிராகரித்தனர். 1998-இல் லண்டனில் கைதானவர், உடல்நலக் காரணம் காட்டி 2000-இல் நாடு திரும்பினார். ரகசிய வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் அம்பலமானபோது ஆதரவாளர் சிலரும் விலகினர். எனினும், எந்த வழக்கிலும் தண்டனை பெறாமலேயே அவர் இறந்தார்.

அப்போது அதிபராக இருந்த மிசெல் பச்லெட், அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்த மறுத்தார். அவருடைய தந்தை 1974-இல் சிறையில் உயிர்நீத்தவர். முன்னாள் தளபதிக்குரிய ராணுவ மரியாதை மட்டும் அனுமதிக்கப்பட்டது. பினோசெட்டுக்கு முன் தளபதியாக இருந்து, பின்னர் குண்டுவைத்துக் கொல்லப்பட்ட கார்லோஸ் பிராட்ஸின் பேரன், அஞ்சலி வரிசையில் நின்று சவப்பெட்டியின் மீது காறி உமிழ்ந்தார்.

அந்தச் செயலை நான் போற்றவில்லை; கொண்டாட்டத்தையும் போற்றவில்லை. ஆனால், நீதிமன்றம் சொல்லத் தவறியதைத்தான் வீதி அன்று தன் வழியில் சொல்லியது. கல்லறை அவமதிக்கப்படும் என்ற அச்சத்தால் பினோசெட்டின் உடல் எரியூட்டப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கோ எரியூட்டவும் உடல் கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடிருக்கும்போதே வழக்கை முடிப்பது, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஓர் அரசு செலுத்த வேண்டிய கடன்.